அளவுகோலைக் கைவிடலாமா?

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மாமிசத்துக்காக மாடு வளர்ப்போரிடையே சில வருஷங்களாக ஒரு விவாதம் நடந்து வருகிறது. பொலிகாளைகளையும் கிடேரிகளையும் உயிருடன் நிறுத்தி, அல்ட்ராசவுண்டு யந்திரத்தால் அவற்றின் முதுகுச் சதையையும் கொழுப்பையும் அளந்து, அந்த அளவுகளைக் கொண்டு இனவிருத்திக்குரியவற்றைத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் அங்கே கால் நூற்றாண்டுக்கு மேலாக வேரூன்றியிருக்கிறது. இப்பொழுது மரபணுச் சோதனை வந்துவிட்டது. காதிலிருந்து ஒரு துணுக்குத் தசையோ, வால் மயிர் சிலவோ, ஒரு துளி இரத்தமோ அனுப்பினால் போதும். நேற்றுப் பிறந்த கன்றின் எதிர்காலத்தைச் சோதனைச்சாலை சொல்லிவிடும். அப்படியிருக்க, மாட்டைக் கூண்டில் அடைத்து, மயிரைக் கத்தரித்து, எண்ணெய் பூசி, ஆளுக்குக் கூலி கொடுத்து ஸ்கேன் எடுப்பானேன் என்பது ஒரு சாராரின் கேள்வி. ஸ்கேனை ஒருபோதும் விடக்கூடாது என்பது மற்றவர்களின் கட்சி. இரண்டாவது கட்சியே நியாயமானது என்பது நமது அபிப்பிராயம். தூர தேசத்து மாட்டுக்காரர்களின் இந்த வழக்கில் நாம் தலையிடுவதற்குக் காரணம் உண்டு. நமது தேசத்துச் சர்க்காரும் 2024 அக்டோபரில் நாட்டு மாடுகளுக்கென்று ஒரு மரபணுச் சில்லை வெளியிட்டிருக்கிறது. அங்கே விவாதத்துக்கு வந்திருக்கும் தவறு இங்கே விவாதமே இல்லாமல் நிகழ்ந்துவிடக்கூடும்.

மாட்டு மாமிசத்தின் தரத்தைப் பற்றி ஒரு தமிழ்த் தினசரியில் தலையங்கமா என்று நேயர்களில் சிலர் முகஞ்சுளிக்கலாம். உண்பதும் உண்ணாதிருப்பதும் அவரவர் விஷயம். அதைப் பற்றி இங்கே வாதாட நாம் முன்வரவில்லை. ஒரு தேசத்துக் குடியானவர்கள் தங்களுக்குள் சங்கம் அமைத்து, தங்கள் மாடுகளைப் பற்றிய உண்மையைத் தாங்களே பதிந்து, தங்களுக்கு நஷ்டம் வரக்கூடிய எண்களையும்கூட எவரும் பார்க்கும்படி வெளியிட்டு வந்திருக்கிறார்கள். ஆங்கஸ் இனத்தாரின் சங்கம் 1883 இல் ஏற்பட்டது. இன்று மிசௌரி மாகாணத்திலுள்ள செயின்ட் ஜோசப் நகரிலிருந்து நடக்கிறது. அது சர்க்கார் இலாகா அன்று. வளர்ப்போரின் சொந்த ஸ்தாபனம். நாம் கவனிக்க விரும்புவது இந்த அம்சத்தையே.

மாட்டைக் கண்ணால் பார்த்து மதிப்பது உலகெங்கும் உள்ள பழக்கம். நமது குடியானவர் சுழி பார்ப்பார், பல் பிடித்துப் பார்ப்பார், திமிலையும் குளம்பையும் தடவிப் பார்ப்பார். பிறகு தரகர் துண்டைப் போட்டு, அதன் அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார். பக்கத்தில் நிற்பவனுக்கும் விலை தெரியாது. 18 ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் லெஸ்டர்ஷயரைச் சேர்ந்த ராபர்ட் பேக்வெல் என்பவர் ஆடுமாடுகளை இனங்கூட்டிப் பெரும் புகழ் பெற்றார். அவரும் தம் முறைகளை ரகசியமாகவே வைத்திருந்தார். கண்ணும் ரகசியமுமே அக்காலத்து இனவிருத்தியின் இரண்டு தூண்கள்.

கண்ணை நம்பியதன் பலனை அமெரிக்கர் 1940களிலும் 1950களிலும் அனுபவித்தனர். கண்காட்சிகளில் குட்டையாகவும் உருண்டு திரண்டும் இருந்த ஹெர்ஃபோர்டு காளைகளுக்கே நீதிபதிகள் பரிசு கொடுத்தார்கள். பரிசு பெற்ற காளைக்கு விலை ஏறியது; விலை ஏறிய காளையின் வித்து நாடெங்கும் பரவியது. கொஞ்ச காலத்துக்குள் பல மந்தைகளில் குள்ளக் கன்றுகள் பிறக்கத் தொடங்கின. மூச்சுத் திணறி, வயிறு ஊதி, வளராமலே செத்தன. குள்ளத்தன்மையை மறைவில் சுமந்த காளைகள், அதன் காரணமாகவே சற்று உருட்டலாகத் தோன்றின; நீதிபதியின் கண் அந்த நோயையே அழகென்று தேர்ந்தெடுத்தது. வளர்ப்போரில் பலர் குள்ளக் கன்று பிறந்ததை வெளியில் சொல்லவும் அஞ்சினர். சொன்னால் பரம்பரைக்கே பழி. பின்னர் ஊசல் மறுபக்கம் ஓடியது. 1970களில் ஐரோப்பாக் கண்டத்து நெட்டை மாடுகள் மோஸ்தராயின. அதுவும் கண்ணின் தீர்ப்பே.

உயரத்தையும் எடையையும் பற்றி எழும் தகராறைத் தராசு தீர்த்துவிடும். மாமிசத்தின் தரமோ தோலுக்குள்ளே இருப்பது. அமெரிக்காவில் விவசாய இலாகாவின் பரிசோதகர்கள் 1920களிலிருந்து மாமிசத்தை வகுத்துத் தரம் போட்டு வருகிறார்கள். விலாவின் 12 ஆவது, 13 ஆவது எலும்புகளுக்கிடையே வெட்டினால் தென்படும் முதுகுச் சதையின் குறுக்கே, சலவைக் கல்லில் ரேகை ஓடுவதுபோல வெண்மையான கொழுப்பு எவ்வளவு ஓடுகிறது என்பதே அத்தரத்துக்கு முக்கிய ஆதாரம். ரேகை மிகுந்தால் பிரைம், அடுத்தது சாய்ஸ், அதற்கும் கீழே செலக்ட். விலை இதைத் தொடர்ந்து செல்கிறது. ஆனால் இதைப் பார்ப்பதற்கு மாட்டை வெட்டியாக வேண்டும். வெட்டிய காளைக்குக் கன்று பிறக்காது. ஆகையால் அதன் பிள்ளைகளை வளர்த்து வெட்டிப் பார்த்துத் தகப்பனின் தரத்தை ஊகிக்க வேண்டியிருந்தது. காளை பருவமடைய ஒரு வருஷத்துக்கு மேல்; பசு சினை சுமப்பது ஒன்பது மாதத்துக்கு மேல்; கன்று வெட்டும் நிலைக்கு வர ஒன்றேகால், ஒன்றரை வருஷம். காளையின் யோக்கியதை தெரிவதற்குள் நான்கு வருஷம் ஓடிவிடும். அதற்குள் கன்றுகள் இரண்டு மூன்று கை மாறியிருக்கும். எந்தத் தகப்பனின் கன்று எது என்ற அடையாளமும் கசாப்புச்சாலையின் வாயிலில் தொலைந்துபோகும்.

இந்த முடிச்சை அவிழ்த்தது ஒலி. கடலுக்கடியில் நீர்மூழ்கிக் கப்பலைக் கண்டுபிடிப்பதற்குக் கையாண்ட தத்துவமே இது: மனிதச் செவிக்கு எட்டாத ஒலியை உள்ளே செலுத்தி, அது எதிரொலித்துத் திரும்பும் நேரத்தைக் கொண்டு உள்ளிருப்பதை அறிதல். 1950களில் கொலராடோவில் உயிருள்ள மாட்டின் தோலடிக் கொழுப்பை இவ்வாறு அளந்து பார்த்தார்கள். கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஸ்டௌஃபர் என்பவர் முதுகுச் சதையின் பரப்பையும் அளக்க முயன்றார். அக்கருவிகள் மந்தைக்காரருக்கு உதவும் நிலையை அடைய மேலும் முப்பது வருஷங்களாயின. ஐயோவா சர்வகலாசாலையில் டாயில் வில்ஸன், ஜீன் ரௌஸ் முதலியோர் செய்த வேலைக்குப் பிறகே, சதைக்குள் ஊடுருவியிருக்கும் கொழுப்பு நூற்றுக்கு எவ்வளவு என்பதைப் படத்தின் புள்ளிக் கலவையிலிருந்து கம்ப்யூட்டர் கணக்கிடலாயிற்று. 1990களின் இறுதியில் ஆங்கஸ் சங்கம் அதைத் தன் திட்டத்தில் சேர்த்துக்கொண்டது.

அளக்கும் முறையைச் சற்று விவரமாகச் சொல்ல வேண்டும். அதில்தான் விஷயம் இருக்கிறது. ஏறக்குறைய ஒரு வயதான காளைக்கன்றை அசையாதபடி இரும்புக் கூண்டில் நிறுத்துகிறார்கள். முதுகின் ஒரு பக்கத்தில் மயிரை ஒட்டக் கத்தரித்து, தூசியைத் தட்டி, சமையலுக்கு உதவும் தாவர எண்ணெயைத் தாராளமாகத் தடவுகிறார்கள். மயிருக்கும் கருவிக்கும் இடையே காற்று புகுந்தால் ஒலி செல்லாது. ஒரு சாண் நீளமுள்ள கருவியை விலாவின் வளைவில் வைத்துப் படம் எடுக்கிறார்கள். குறுக்கே ஒரு படத்தில் சதையின் பரப்பும் அதன் மேலுள்ள கொழுப்பின் கனமும் தெரியும். நெடுக்கே எடுக்கும் சில படங்களில் ஊடு கொழுப்பு தெரியும். பின்பக்கத்தில் இன்னொரு படம். சில நிமிஷங்களில் வேலை முடிந்துவிடும். மாடு மேய்ச்சலுக்குத் திரும்பிவிடும்.

இதற்குப் பின்னர் அவர்கள் வைத்திருக்கும் கட்டுப்பாடு யந்திரத்தைவிட நம்மைக் கவர்கிறது. படம் எடுத்தவரே அளவைச் சொல்லக்கூடாது. படங்கள் ஐயோவாவிலுள்ள ஏம்ஸ் போன்ற இடங்களில் இருக்கும் தனி நிலையங்களுக்குச் செல்கின்றன. மாட்டுக்காரனோடு எவ்விதச் சம்பந்தமும் இல்லாதவர் அவற்றைப் படிக்கிறார். மங்கலான படத்தைத் தள்ளிவிடுகிறார். படம் எடுப்பவரும் பரீட்சையில் தேறியவராக இருக்க வேண்டும்: ஒரே மாடுகளை இருமுறை அளக்கச் சொல்லி, இரண்டும் ஒத்திருக்கின்றனவா, தேர்ந்தவர் எடுத்த அளவோடு பொருந்துகின்றனவா என்று பார்த்தே அத்தாட்சி கொடுக்கிறார்கள். பிறகு அளவுகளைக் கன்றின் வயதுக்குச் சரிக்கட்டி, ஒரே மந்தையில், ஒரே பருவத்தில், ஒரே தீனி தின்று வளர்ந்த கன்றுகளை மட்டும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு, தகப்பன், பாட்டன், சகோதரர் ஆகியோரின் எண்களையும் சேர்த்துக் காளைக்கு ஒரு மதிப்புப் போடுகிறார்கள். ஈ.பி.டி. என்று மூன்றெழுத்தில் வழங்கும் அந்த மதிப்பு, இக்காளையின் கன்றுகள் மற்றொன்றின் கன்றுகளைவிடச் சராசரியாக எவ்வளவு வேறுபடும் என்பதை முன்கூட்டிக் கூறுவது. அது துண்டுக்கடியில் பேசும் ரகசியமல்ல. எவரும் பெயரைச் சொல்லித் தேடிப் பார்க்கலாம்.

பலன் என்ன? 2000களின் நடுவில் அமெரிக்காவில் தரம் போடப்பட்ட மாமிசத்தில் சாய்ஸும் அதற்கு மேற்பட்டதும் ஏறக்குறையப் பாதியளவே இருந்தது; இன்று நூற்றுக்கு 80க்கு மேல் நிற்கிறது. இவ்வளவும் ஸ்கேனால் வந்ததென்று சொல்வது மிகையாகும். மாடுகளை அதிக நாள் தானியம் போட்டு வளர்க்கிறார்கள். தரம் பார்ப்பதற்கும் காமிராக் கருவிகள் வந்திருக்கின்றன. ஆயினும், தலைமுறை தலைமுறையாகக் காளைகளைத் தேர்ந்தெடுத்ததற்கு அதில் பெரும் பங்குண்டு என்பதை எவரும் மறுப்பதில்லை. ஊடு கொழுப்பில் மாட்டுக்கு மாடு காணும் வித்தியாசத்தில் மூன்றிலொரு பங்குக்குக் குறையாமல் பரம்பரையைச் சேர்ந்தது. மற்றவை தீனியும் சூழ்நிலையும். பரம்பரைப் பங்கு இவ்வளவு இருக்குமிடத்தில் தேர்வு வீண்போகாது.

நியாயஸ்தலங்களில் பழகியவர்களுக்கு ஒன்று தெரியும். ஒரு கட்சிக்காரன் பொய்ச்சாட்சி தேடாமலே வழக்கைக் கெடுக்கலாம். தனக்கு அனுகூலமானவர்களை மட்டும் கூண்டேற்றினால் போதும். மாட்டு விஷயத்திலும் இதே அபாயம் உண்டு. ஒரு மந்தையில் 40 காளைக்கன்றுகள் இருப்பதாகக் கொள்வோம். அவற்றின் முதுகுச் சதை சராசரி 12 சதுர அங்குலம். சிறந்த கன்றுக்கு 14. அது சராசரியைவிட 2 அங்குலம் மேல். மட்டமாகத் தோன்றிய பத்துக் கன்றுகளை, அவற்றின் சராசரி பத்தரை என்று வைத்துக்கொள்வோம், ஸ்கேனுக்குக் கொண்டுவராமல் மறைத்துவிட்டால், மீதி முப்பதின் சராசரி பன்னிரண்டரையாக ஏறிவிடுகிறது. சிறந்த கன்றின் மேன்மை ஒன்றரை அங்குலமாகக் குறைந்துவிடுகிறது. மறைத்தவன் தன் நல்ல கன்றையே தாழ்த்திக்கொண்டான். மட்டக் கன்றுகளின் தகப்பனோ குற்றம் நிரூபணமாகாமல் தப்பித்துக்கொண்டது. மந்தை முழுவதையும் அளக்க வேண்டும் என்று சங்கத்தார் ஓயாமல் வற்புறுத்துவது இதனால்தான். ஒரு கன்றுக்கு மட்டும் தனித் தீனி போட்டுக் கொழுக்க வைத்தால் அதைத் தனியாகக் காட்ட வேண்டுமென்ற விதியும் இதனால்தான். விதி இருந்தும் ஏய்ப்பவர்கள் இருப்பார்கள். எந்த விதிக்குத்தான் இல்லை?

எண்ணுக்குப் பின்னால் கண்மூடி ஓடுவதும் ஆபத்தே. 2008 இல் ஆங்கஸ் மந்தைகளில் உடல் முறுகி, முதுகு வளைந்து, செத்தே பிறக்கும் கன்றுகள் தென்பட்டன. ஆராய்ந்தபோது, மாமிசத் தரத்தின் எண்களில் மிக உயர்ந்து நின்றதால் எங்கும் விரும்பப்பட்ட ஒரு காளையின் வழியாக அக்குறை பரவியிருந்தது தெரிந்தது. ஒரே எண்ணை நாடி எல்லோரும் ஒரே இரத்தத்தைப் புகுத்தியதன் விளைவு இது. ஆனால் 1950களின் குள்ளக் கன்றுகளின் கதையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். இம்முறை சில மாதங்களுக்குள் இல்லினாய் சர்வகலாசாலையின் விஞ்ஞானிகள் மரபணுச் சோதனை ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். குறையைச் சுமந்த மாடுகளின் பெயர்களைச் சங்கமே பகிரங்கமாக வெளியிட்டது. பலருக்குப் பெருநஷ்டம் ஏற்பட்டது. இனம் பிழைத்தது. மரபணுச் சோதனைக்கு நாம் விரோதியல்ல என்பதற்கு இந்த உதாரணமே போதும்.

அச்சோதனையால் ஸ்கேன் தேவையற்றுப் போயிற்று என்று சொல்பவர்களின் வாதத்தை அதன் முழு பலத்துடன் எடுத்துக்கொள்வோம். ஸ்கேனுக்குச் செலவு அதிகம். தேர்ந்த ஆட்கள் எல்லா மாகாணங்களிலும் கிடைப்பதில்லை. புல்லை மட்டும் மேய்ந்து வளர்ந்த கிடேரிகளில் கொழுப்பே கொஞ்சம். அவற்றுக்குள் வித்தியாசம் காண்பது கடினம். ஒரு வயதுக் காளையின் சதை, தானியம் தின்று கொழுத்த எருதின் சதைக்குச் சரியான பிரதிநிதியல்ல. மரபணுவுக்கோ கன்று வளரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சில குணங்களில் ஒரு சோதனை பத்துக்கு மேற்பட்ட கன்றுகளின் அளவுக்குச் சமமான சாட்சியம் தருகிறது. இவை யாவும் உண்மை. 2017 முதல் ஆங்கஸ் சங்கம் பரம்பரை, அளவு, மரபணு மூன்றையும் ஒரே கணக்கில் சேர்த்து வாரந்தோறும் மதிப்பிட்டு வருவதும் உண்மை.

ஆயினும் அந்தச் சோதனைக்கு இந்த ஞானம் எங்கிருந்து வந்தது? மரபணுச் சரட்டில் ஆயிரக்கணக்கான இடங்களில் உள்ள அடையாளங்களை அது படிக்கிறது. இன்ன அடையாளம் இருந்தால் ஊடு கொழுப்பு கூடும் என்று அதற்குக் கற்பித்தது யார்? லட்சக்கணக்கான மாடுகளைக் கூண்டில் நிறுத்தி எண்ணெய் தடவி எடுத்த அளவுகளும், கசாப்புச்சாலையிலிருந்து வந்த பதிவுகளுமே. அளவுகள் பாங்கியில் போட்ட முதல். மரபணுச் சோதனை அதன்மீது கிழிக்கும் செக்கு. முதல் போடுவதை நிறுத்தினாலும் சில வருஷங்கள் செக்கு செல்லும். பிறகு? அடையாளத்துக்கும் குணத்துக்கும் உள்ள பிணைப்பு ஒவ்வொரு தலைமுறையிலும் சரடுகள் கலைந்து சேரும்போது சற்றே தளர்கிறது. புதிய தலைமுறையைப் புதிதாக அளந்து பார்க்காவிட்டால், பாட்டனுக்குப் பொருந்திய கணக்கைப் பேரனுக்குச் சொல்லிக்கொண்டிருப்போம். தவறு நேர்ந்தது என்று காட்டுவதற்கும் அப்போது சாட்சி இராது.

இதில் இன்னொரு சங்கடம் உண்டு. அளப்பவன் செலவு செய்கிறான். அளக்காதவனும் அந்த ஞானத்தால் லாபமடைகிறான். நமது ஏரிகளின் குடிமராமத்துக்கு நேர்ந்த கதி இதுதான். ஊரார் எல்லோரும் மண்வெட்டியுடன் வந்தவரை ஏரி இருந்தது. அயலான் வெட்டட்டும், எனக்கும் தண்ணீர் வரும் என்று ஆளுக்காள் ஒதுங்கினபோது தூர்ந்தது. ஆங்கஸ் முதலிய சங்கங்கள் இதற்குப் பரிகாரம் தேட வேண்டும் என்று நமக்குத் தோன்றுகிறது. மந்தை முழுவதையும் அளந்தவனுக்கு மரபணுச் சோதனைக் கட்டணத்தில் சலுகை கொடுக்கலாம். தானும் அளக்கப்படாமல், கன்றுகளும் அளக்கப்படாமல், மரபணுவின் வாக்கை மட்டும் நம்பி நிற்கும் காளையின் எண்ணுக்கு அருகே அதைப் பளிச்சென்று அச்சிடலாம். வாங்குகிறவன் யோசித்து வாங்குவான்.

ஓர் இனத்தின் கணக்கு மற்றோர் இனத்துக்குப் பொருந்துவதில்லை என்பது இவ்விஷயத்தில் மிகவும் கவனிக்கத்தக்கது. ஆங்கஸ் மாடுகளை அளந்து கற்ற மரபணுக் கணக்கைத் திமிலுள்ள கீழ்நாட்டு மாடுகளிடம் பிரயோகித்தால் அது தடுமாறுகிறது. ஆகவே பிரேஸில் தேசத்தார் அமெரிக்கர் புஸ்தகத்தைக் கடன் வாங்கிக்கொண்டு சும்மா இருக்கவில்லை. தங்கள் மாட்டைத் தாங்களே ஸ்கேன் செய்து முதுகுச் சதையை அளக்கிறார்கள். உபேராபா நகரிலுள்ள செபு மாட்டுச் சங்கம் காளைகளுக்கு மதிப்புப் போட்டு வெளியிடுகிறது. அந்த மாட்டின் பெயர் என்ன தெரியுமா? நெலோரே. அதாவது நமது நெல்லூர். அன்று சென்னை ராஜதானியில் சேர்ந்திருந்த நெல்லூர், குண்டூர் ஜில்லாக்களின் ஓங்கோல் மாடு 19 ஆம் நூற்றாண்டில் கப்பலேறியது. 1960களின் தொடக்கத்தில் கடைசியாக ஒரு பெருந்தொகுதி சென்றது. ஓங்கோலுக்கு அருகிலுள்ள கிராமத்தின் பெயரைத் தாங்கிய கார்வாடி என்ற காளை அத்தொகுதியைச் சேர்ந்தது. இன்றைய பிரேஸில் மந்தைகளில் அதன் இரத்தம் ஓடாத பரம்பரையைக் காண்பது அரிது. 20 கோடிக்கு மேற்பட்ட அத்தேசத்து மாடுகளில் பெரும்பான்மை இந்த வழிவந்தவையும் அவற்றின் கலப்பும். 2023 இல் வியாட்டினா-19 என்ற நெலோரேப் பசுவின் மூன்றிலொரு பங்கு ஏலத்தில் போன விலையைக் கொண்டு, அதன் முழு மதிப்பு 40 லட்சம் டாலருக்கு மேல் என்று கணக்கிட்டார்கள்.

வித்து நமது, கணக்கு அவர்களுடையது. இதைச் சொல்லிப் பெருமூச்சு விடுவதில் பயனில்லை. அவர்கள் திருடிக்கொண்டு போகவில்லை, நாம் விற்றோம். ஓங்கோலார் கண்ணால் பார்த்து வளர்த்தது அற்புதமான மாடு என்பதிலும் ஐயமில்லை. ஆனால் மாடு அங்கே போன பின்னர், அதன் ஒவ்வொரு தலைமுறையையும் எடைபோட்டுப் பதிந்தவர்கள் அவர்கள்.

இனி நம் வீட்டு விஷயம். 2019 ஆம் வருஷத்துக் கால்நடைக் கணக்கின்படி நமது தேசத்தில் 19 கோடிக்கு மேற்பட்ட மாடுகளும் ஏறக்குறைய 11 கோடி எருமைகளும் இருந்தன. காதில் 12 இலக்க எண்ணுள்ள வில்லை மாட்டும் வேலை நடந்து வருகிறது. பால் மாடுகளில் கிர், சாஹிவால், முர்ரா எருமை முதலிய சிலவற்றுக்குச் சந்ததிச் சோதனை உண்டு. தேசீயப் பால்வள அபிவிருத்தி வாரியம் பொலிகாளைப் பட்டியல் வெளியிடுகிறது. அந்த வேலையை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் காங்கயம், பர்கூர், உம்பளாச்சேரி, புலிக்குளம், ஆலம்பாடி ஆகிய நமது மாடுகளின் குணங்கள் பாலில் மட்டும் அடங்கியவை அல்ல. இழுவை, வெயில் தாங்குதல், காய்ந்த புல்லில் உடல் வைத்தல், வருஷந்தோறும் கன்று போடுதல், நீண்ட ஆயுள் ஆகிய இவற்றைத் தராசும் ஏடும் கொண்டு பரவலாகப் பதியும் ஏற்பாடு எங்கே? பதிவு இல்லாத இனத்துக்கு மரபணுச் சில்லு எதைக் கற்றுக்கொள்ளும்? இது காங்கயம், இது கலப்பு என்று இரத்தத்தைப் பிரித்துக் காட்டலாம். அதுவும் உபயோகமே. எந்தக் காங்கயம் காளையின் கன்று நன்றாக உழைக்கும் என்ற கேள்விக்கு அது வாய் திறவாது.

2017 ஜனவரியில் சென்னைக் கடற்கரையிலும் தமிழ்நாட்டு நகரங்கள் தோறும் லட்சக்கணக்கான வாலிபர்கள் கூடி, நாட்டு மாட்டைக் காப்போம் என்று முழங்கினார்கள். அந்த உணர்ச்சியை நாம் வணங்குகிறோம். அன்று முழங்கியவர்களில் நூற்றுக்கு ஒருவர் ஒரு கிராமத்தில் ஒரு மந்தையை எடுத்துக்கொண்டு, கன்று பிறந்த தேதி, தகப்பன் பெயர், ஒரு வயது எடை, தாய் அடுத்து ஈன்ற நாள் ஆகிய நான்கை மட்டும் பதிந்திருந்தால், இன்று காங்கயத்துக்கும் புலிக்குளத்துக்கும் பல வருஷக் கணக்கு கையில் இருந்திருக்கும். அல்ட்ராசவுண்டு கூட இதற்கு வேண்டியதில்லை. ஒரு தராசு, ஒரு ஏடு, நல்லதையும் கெட்டதையும் ஒருங்கே எழுதும் நேர்மை; இவை போதும். மாட்டுக்காரர்களின் சங்கங்கள் இதை மேற்கொள்ள வேண்டும். சர்க்காரின் கையை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டாம்.

சர்க்கார் செய்ய வேண்டியது வேறு. உறைவிந்து நிலையங்களில் வைத்திருக்கும் ஒவ்வொரு நாட்டுக் காளைக்கும் பக்கத்தில், அதன் கன்றுகளில் எத்தனை அளக்கப்பட்டன என்ற எண்ணை அச்சிடட்டும். பூஜ்யமானால் பூஜ்யமென்றே அச்சிடட்டும். ஆடி மாதத்தில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்கு ஆயிரக்கணக்கில் மாடுகள் வருகின்றன. துண்டுக்கடியில் விரல்கள் பேசுகின்றன. வரும் ஆடியில் அங்கே ஓர் எடைத் தராசை நிறுத்தி, விரும்பியவர் மாட்டை ஏற்றி, எடையையும் வயதையும் காது வில்லை எண்ணையும் பலகையில் எழுதிக் காட்டுவதற்குக் கால்நடை இலாகாவுக்கு என்ன தடை? செலவு எவ்வளவு என்று இலாகாவின் மந்திரி சட்டசபையில் சொல்லட்டும்.